உன்ற உசரம் எனக்குத் தெரியாமப் போனப்ப

சாமி,

இத நான் எழுதறப்ப நீ கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து என்ற இரும்பு டேப்ப இழுத்து இழுத்து உட்டுட்டு இருக்கற. நுனி கையக் கிழிச்சுப்போடும்னு துணி சுத்தி வெச்சிருக்கேன். அது சரக்குனு உள்ள ஓடறப்பெல்லாம் உனக்கு ஒரு சிரிப்பு. உனக்கு இன்னிக்கு ஒண்ணே கால் வயசு. ஆனா இந்தக் கடுதாசிய நான் எழுதறது இருவது வருசம் கழிச்சு, படிச்சு முடிச்சோ கண்ணாலம் முடிச்சோ, இந்த வாசப்படியத் தாண்டிக் கெளம்பப் போற பொம்பளப் புள்ளைக்கு. அன்னிக்கு எனக்கு அம்பது வயசு கிட்ட ஆயிருக்கும். அன்னிக்கு எழுதலாம்னா இப்ப இருக்கற மாதிரி இது அப்பிடியே ஞாபகம் இருக்காது. ஒட்டுப் போட்டு எழுதுவேன். அதனால இப்பவே எழுதி, கவர்ல போட்டு டிரங்குப் பெட்டியில வெக்கறேன். கவர ஒட்ட மாட்டேன். உங்க பெரியம்மா படிச்சாலும் சரி, சொந்தம் ஒறம்பரை யாரு படிச்சாலும் சரி. ஒளிச்சு வெச்சா ஒரு நா வேற ஒருத்தரு வாயில இருந்து உன்ற காதுக்கு வரும், அது எனக்கு வேண்டாம். மொதல்லயே சொல்லிப்போடறேன். உங்கம்மா செத்த பதனாறாம் நாளு உன்ன நான் உங்க பெரியம்மாகிட்டக் குடுத்துட்டேன். நாலு நாளு வெச்சுப் பாத்துக்கங்கன்னு இல்ல, குடுத்தே போட்டேன். மூணு மாசம் எட்டியும் பாக்கல. இந்த வாரந்தான் திரும்ப வாங்கிட்டு வந்தேன். எப்பிடிக் குடுத்தேன், எப்பிடி வாங்குனேன்கறத நீ என்ற வாயால கேக்கோணும்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமா படிச்சவன். சங்ககிரியில லாரிக்கு பாடி கட்டற பட்டறையில டிராயிங் போட்டுட்டு இருந்தேன். லாரிக்காரங்க வருவாங்க, டிராயிங்கப் பாப்பாங்க, தலையாட்டுவாங்க. வண்டி வெளிய வந்து நின்னதுக்கு அப்பறம், "நான் இப்பிடியாப்பா கேட்டேன்?"ம்பாங்க. கோடு போட்டது அவிங்க கண்ணுக்கு வெறுங் கோடுதான், அதுக்கு அவிங்களக் குத்தஞ் சொல்ல முடியாது. அந்தச் சமயத்துலதான் சேலத்துல ஒரு பாலிடெக்னிக்குல, வெளியாளுங்களுக்குன்னு ஒண்ணர வருசப் பயிற்சி ஆரம்பிச்சாங்க. மாடல் மேக்கிங். கட்டடமோ மெசினோ, கட்டறதுக்கு முன்னாலயே அதச் சின்னதா, அளவு மாறாம, மரத்துலயும் அட்டையிலயும் செஞ்சு காட்டற வேல. நான் ரோசன பண்ணிட்டே இருந்தேன். உங்கம்மாதான், "ஏனுங்க, போயித்தான் பாருங்களேன். புடிக்கலீன்னா திரும்பி வந்து லாரிக்கே கோடு போடுங்க, லாரி எங்க ஓடிப்போகுது?"ன்னா. நின்னுட்டிருந்த நான் சிரிச்சுட்டேன். நாங்க சேலத்துக்குப் பக்கத்துல கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடி வந்தது அப்பத்தான். நீ அப்ப அவ வயித்துல இருந்த.

எங்களுக்குச் சொல்லிக் குடுத்த சாரு என்னய விட ரெண்டு வயசு சின்னவரு. கிளாசுல நான் அவர "சார்"ம்பேன், வெளிய டீக்கடையில அவரு என்னய "அண்ணா"ம்பாரு. அவரு மொத நாளு சொன்னத இன்னிக்கும் அப்பிடியே சொல்லுவேன். "மாடல எப்பவும் ஆளு வெச்சுத்தான் முடிக்கோணும். மரம் வெக்கறது, புல்லு ஒட்டறதெல்லாம் அழகுக்கு. ஆளு அழகுக்கு இல்ல. பக்கத்துல ஒரு ஆளு நிக்காத கட்டடம் எத்தன பெருசுன்னு யாருக்கும் தெரியாது." எங்களுக்குச் சிரிப்பு. நாங்க அத்தன பேரும் ஸ்கேலு, டிகிரி, மில்லிமீட்டர்னு வந்தவிங்க. பொம்ம செய்யவா வந்தோம்னு பேசிக்கிட்டோம்.

எனக்குக் கெடச்ச வேல ஒரு சேகோ மில்லு, மரவள்ளிக் கெழங்குல இருந்து சவ்வரிசி பண்ற எடம். ஆத்தூர்ப் பக்கம் ஒருத்தரு புதுசாக் கட்டப் போறாரு, கட்டறதுக்கு முன்னால மாடல் பாக்கோணும்னு பாலிடெக்னிக்குல கேட்டிருந்தாரு. குச்சிக்கெழங்கு வந்து எறங்கற எடம், அரைக்கற மெசினு, கெழங்குப் பால் தேங்கற தொட்டி வரிசை, மாவு வறுக்கற அடுப்பு, காயப் போடற களம், எல்லாம். ஒண்ணுக்கு இருவதுங்கற அளவுல செஞ்சேன். நெசத்துல இருவது அடி இருக்கறது மாடல்ல ஒரு அடி. கட்டிலத்தன பெருசா வந்துச்சு. ஊட்டுலயே வெச்சுத்தான் செஞ்சேன், நாங்க அதச் சுத்தித்தான் நடப்போம். எல்லாம் முடியற மாதிரி வந்தப்ப ஆளுங்களச் செஞ்சேன். இங்கதான் ஒரு திருட்டு வேல பண்ணுனேன், சொல்லிப்போடறேன். பொம்பள ஆளு எழுவத்தாறு மில்லி வரோணும். நான் அறுவது மில்லியில செஞ்சேன். ஆளு சின்னதானா கட்டடம் தன்னால பெருசாத் தெரியும். பாக்கறவரு மலைச்சு நிப்பாரு. யாரு வந்து பொம்மைய அளக்கப் போறாங்க?

உங்கம்மா அளந்தா. டேப்பு இல்லாம, கண்ணாலயே. அவ கண்ணாலத்துக்கு முன்னால ரெண்டு வருசம் சேகோ மில்லுக்கு வேலைக்குப் போனவ, அது உனக்குத் தெரிஞ்சிருக்கும். நீ அவ மடியில, மூணு மாசக் கொழந்த. மாடலுக்கு முன்னால குந்தி உக்காந்து சித்த நேரம் பாத்தா.

"இந்தப் பொம்பள யாருங்க?"

"வேலைக்காரி. மாவு தூக்கிட்டுப் போறா."

"நல்லாப் போறா. தொட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல துளி இடிக்காமப் போறா. நெசமான பொம்பள போனா மாட்டிக்குவாளே?"

"டிராயிங்குல ரெண்டு அடி உட்டிருக்குது."

"ரெண்டு அடியில வெறுங்கைய வீசிட்டுப் போலாமுங்க. இடுப்புல மாவுக் கூடைய வெச்சுட்டு நீங்க போயிக் காட்டுங்க பாப்போம். ஈரத்தர வேற. வழுக்குனா நேரா தொட்டியிலதான்."

நான் மல்லுக்கு நின்னேன். டிராயிங் போட்டது என்னய விடப் படிச்ச ஆளுன்னேன். அவ உன்ன என்ற கையில குடுத்துட்டு, மொறத்த வெச்சிருந்த கூடைய எடுத்து இடுப்புல வெச்சுட்டு நின்னா. "அளங்க"ன்னா. அளந்தேன். தலையில இருந்து காலு வரைக்கும் நூத்தி அம்பத்திரெண்டு சென்டிமீட்டர். கூடையும் சேத்து அகலம் எம்பத்தஞ்சு. வழி அறுவது. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்புடாமக்கூட அறுவது மில்லி பொம்மைங்க எல்லாத்தையும் பிச்சுப் போட்டுட்டு, மறாநாளு அவள மாதிரியே ஒண்ணு செதுக்குனேன். எழுவத்தாறு மில்லி, இடுப்புல கூடையோட. சீலைக்கு அவளே பெயிண்ட் அடிச்சா, வாடாமல்லி நெறம். கொண்டு போயி அந்த வழியில வெச்சா, கூடை தொட்டியில இடிச்சு, பொம்ம ஒருச்சாஞ்சு நின்னுச்சு. உங்கம்மா கைதட்டிச் சிரிச்சா. "பாத்தீங்களா, நகர மாட்டேங்கறா!"

மில்லுக்காரரு வந்து பாத்தப்ப நான் அதச் சொன்னேன். "ஏம்ப்பா, பொம்மைக்கு வழி உட்டு என்னய மில்லு கட்டச் சொல்றியா?"ன்னு கேட்டாரு. அப்பறம் அவரே குனிஞ்சு பொம்மைய விரலால தள்ளிப் பாத்தாரு. அது போகல. இன்னொருக்காத் தள்ளுனாரு. "தொட்டிய அக்கட்ட நகத்திப் போடு"ன்னாரு. அத்தனதான். இன்னிக்கு அந்த மில்லு கட்டிட்டு இருக்காங்க, அந்த எடத்துல நாலு அடி வழி. அதுல நடக்கப் போற பொம்பளைங்களுக்கு உங்கம்மா பேரு தெரியாது. பூங்கொடின்னு நீ ஒருத்தியாச்சும் தெரிஞ்சு வெச்சுக்க.

அவளுக்கு மஞ்சக்காமால வந்தது நீ பதனோராம் மாசத்துல தவழ்ந்து ஓடிட்டிருந்தப்ப. ஒம்பது நாளு. நல்லாத்தான் பாத்தாங்க, யாரு மேலயும் குத்தமில்ல. ஒம்பதாம் நாளு காலையில போயிட்டா. எனக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணும் ஆகல. அதுதான் ஆச்சு. பாடை கட்டறப்ப மூங்கில்ல ஒரு முடிச்சு தளர்ந்து இருந்துச்சு, நான் அதையேதான் பாத்துட்டு இருந்தேன். அத இழுத்துக் கட்டோணும், யாருகிட்டச் சொல்றதுன்னு ரோசன. எல்லாரும் "அழுதுரு தம்பி, அழுதுரு"ன்னாங்க. என்னமோ வேலைய மறந்துட்ட ஆளுகிட்டச் சொல்றாப்புடி இருந்துச்சு. சோறு போட்டாத் தின்னேன். படுன்னாப் படுத்தேன். நீ அழுதா, எங்கயோ ரெண்டு ஊடு தள்ளி ஒரு கொழந்த அழுவுதுன்னு தோணும்.

உங்க பெரியம்மாளப் பத்தி உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஆனா அன்னிக்கு அவிங்க நெலம என்னன்னு நீ தெரிஞ்சுக்கோணும். உங்கம்மாவுக்கு அப்பா அம்மா சின்னதுலயே போயி, தூக்கி வளத்ததே அவிங்கதான். அவிங்களுக்குன்னு புள்ள இல்ல. பதனாறாம் நாளு காரியம் முடிஞ்சு, ஒறம்பரை எல்லாம் கெளம்புனதுக்கு அப்பறம், என்ற பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"தம்பி, நான் கேக்கறதத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் பெத்தவிங்க இல்ல. நீங்க ஒத்த ஆம்பள, பொம்பளப் புள்ளைய வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க? நாளைக்கு நீங்க இன்னொரு கண்ணாலம் பண்ணுனாலும் பண்ணுவீங்க, வரவ எப்பிடியோ என்னமோ. எங்கிட்டக் குடுத்துருங்க. எம் புள்ளையா வளத்துக்கறேன்."

"சரிங்க அக்கா"ன்னேன்.

அத்தனதான், சாமி. ஒரு நிமிசங்கூட ஆகல. உங்க பெரியப்பா கூட, "சகல, நல்லா ரோசன பண்ணிச் சொல்லு"ன்னாரு. "பண்ணிட்டேனுங்க"ன்னேன். பண்ணவே இல்ல. பக்கத்துக் கோயிலுக்குப் போயி, படியில உக்காந்து உன்ன அவிங்க மடியில வெச்சேன். சேந்தமங்கலத்துக்கு பஸ்சு ஏத்தி உட்டுட்டு, ஊட்டுக்கு வந்து, உளியத் தீட்டுனேன். உனக்கு நான் ஒரு புத்தி சொல்லோணும்னா இதச் சொல்லுவேன். மனசு மரத்துக் கெடக்கறப்ப யாரு என்ன கேட்டாலும் சரின்னும் சொல்லாத, இல்லைன்னும் சொல்லாத. "எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல, அப்பறம் சொல்றேன்"னு சொல்லு. இத்தன படிச்ச எனக்கு அந்த ஒரு வார்த்த அன்னிக்கு வாயில வரல.

மூணு மாசம் வேல செஞ்சேன். கையி நல்லாத்தான் போச்சு, முன்ன விட நல்லாப் போச்சுன்னு சாரு சொன்னாரு. ஓடு ஒவ்வொண்ணாப் பதிச்சேன். தொட்டிக்குப் பூச்சு, அடுப்புக்குப் புகைக் கறை, எல்லாம். வாடாமல்லிச் சீல பொம்மைய மட்டும் எடுத்து ஒரு தீப்பெட்டியில போட்டு மூடி வெச்சுட்டேன். மாடல பாலிடெக்னிக்குக்குக் கொண்டு போயி வெச்சேன், பரீட்ச பண்ண வெளியூர்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. மாடலச் சுத்தி ரெண்டு தடவ நடந்தாரு. "வேல பிரமாதம்"னாரு. அப்பறம் கண்ணாடியக் கழட்டிட்டு, "இதுல ஆளு எங்கய்யா?"ன்னாரு.

நான் மாடல் ஓரத்துல இருந்த தூசியத் தட்டி உட்டேன்.

"எத்தன பெருசுய்யா இது? கோழிக் கூண்டா, மில்லா? நான் எதை வெச்சுத் தெரிஞ்சுக்கறது?"

சாருக்கு விசயம் தெரியும். அவரு காதுல என்னமோ சொன்னாரு. வந்தவரு மொகம் மாறுச்சு, ஆனா மார்க் போடல. "பத்து நாளு கழிச்சு இந்தப் பக்கம் திரும்ப வாரேன். ஆளு வெச்சுக் குடுக்கச் சொல்லுங்க"ன்னுட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன். அன்னிக்குப் பாவம் பாத்து மார்க் போட்டிருந்தாருன்னா நீ இன்னும் சேந்தமங்கலத்துலதான் இருந்திருப்ப. சாரு என்ற தோளப் புடிச்சு, "அண்ணா, அவிங்கள வெக்க முடியலீன்னா உங்களையாச்சும் வெய்யுங்க. யாராச்சும் ஒரு ஆளு நிக்கோணும்ல?"ன்னாரு.

ஊட்டுக்கு வந்து என்னயச் செதுக்குனேன். நூத்தி எழுவது சென்டிமீட்டர், எம்பத்தஞ்சு மில்லி. மறாநாளு விடிஞ்சதும் பாலிடெக்னிக்குக்குக் கொண்டு போயி, மாடல்ல களத்து ஓரத்துல நிறுத்துனேன். அத்துவானத்துல பஸ்ச உட்டுட்டு நிக்கறவனாட்டம் இருந்துச்சு. தீப்பெட்டியத் தொறந்து உங்கம்மாள எடுத்து அவ வழியில வெச்சேன், கூடை இடிக்காமப் போனா. அப்பவும் என்னமோ கொறஞ்சுச்சு. அவ இருக்கற எடத்துல நீ இல்லாம ஒரு நாளும் நான் பாத்ததில்ல. சரி, உன்னயும் செஞ்சரலாம்னு ஒரு துண்டு மரத்த எடுத்தேன். எப்பவும் பண்றாப்புடி மொதல்ல மரத்து மேல பென்சில்ல அளவு எழுதோணும். பென்சில வெச்சேன். எழுத வரல. உன்ற உசரம் எத்தனைன்னு எனக்குத் தெரியல.

சேகோ மில்லு வாசக்கதவு உசரம் தெரியும். லாரிப் பலகை உசரம் தெரியும். பாலிடெக்னிக்கு மாடிப்படி ஒவ்வொண்ணும் எத்தன மில்லின்னு கேட்டாத் தூக்கத்துல சொல்லுவேன். பெத்த புள்ள எத்தன உசரம்னு தெரியல. எம்பதுன்னு எழுதலாமான்னு ரோசன பண்ணுனேன். அறுவத்தஞ்சா? நீ போறப்ப தவழ்ந்துட்டு இருந்த. நின்னு நான் பாத்ததில்ல. குத்துமதிப்பா ஒரு அளவு போட்டுச் செஞ்சாலும் யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா அறுவது மில்லி பொம்மையில ஒருக்காத் திருடுனது போதும்னு இருந்துச்சு. டேப்ப எடுத்துச் சட்டப் பையில போட்டுட்டு பஸ்சுக்குக் கெளம்புனேன். நல்லாக் கேட்டுக்க, உன்னப் பாக்கோணும்னு நான் கெளம்பல. அளவெடுக்கத்தான் கெளம்புனேன். அத மாத்திச் சொன்னா அது பொய்யி.

ராசிபுரத்துல பஸ்சு மாறிச் சேந்தமங்கலத்துல எறங்குனப்ப பொழுது உச்சிக்கு வந்துருச்சு. கொல்லிமல தெளிவாத் தெரிஞ்சுச்சு. பெரியப்பா தோட்டத்துக்குப் போயிருந்தாரு. பெரியம்மா மொளகா காயப் போட்டுட்டு இருந்தாங்க. "வாங்க தம்பி"ன்னாங்க. மொகத்துல சிரிப்பு இல்ல. அப்பத்தான் நீ கதவுக்குப் பின்னால இருந்து வந்த. நடந்து வந்த. ரெண்டு கையையும் தூக்கிட்டு, குடிச்சவனாட்டம், நாலு எட்டு வெச்சு, அஞ்சாம் எட்டுல விழுந்து, எந்திரிச்சு மறுபடியும் வந்த. எனக்கு யாரும் சொல்லல. சொல்ல நான் எங்க இருந்தேன்?

உன்னச் செவுத்தோரம் நிறுத்தி அளக்கலாம்னு பாத்தேன். நீ செவுத்துல நிக்கல. டேப்புதான் வேணும் உனக்கு. நான் நீட்டறேன், நீ புடிக்கற, நான் உடறேன், சரக்குனு போகுது, நீ சிரிக்கற. நாலு தடவ. அஞ்சாந் தடவ நான் கீழ குந்துனப்ப நீ என்ற மொழங்காலப் புடிச்சுட்டு நேரா நின்ன. அந்த நேரத்துல டக்குனு அளந்தேன். எழுவத்தாறு. உங்கம்மாவோட சரி பாதி. மணிக்கட்டுல பேனாவுல எழுதிக்கிட்டேன்.

பெரியம்மா மொளகாய உட்டுட்டு வந்து நின்னாங்க. "என்ன தம்பி எழுதறீங்க?"

"உசரமுங்க அக்கா."

"எதுக்கு?"

"மாடலுக்கு. பாப்பாவ மாதிரி ஒரு பொம்ம செய்யோணும்."

"பொம்மைக்கா?" அவிங்க கொரலு உசந்துச்சு. "காச்சல்ல கெடந்தா, வரல. நடந்தா, வரல. மூணு மாசமாப் புள்ள மொகத்தப் பாக்க வராத ஆளு, பொம்மைக்கு அளவெடுக்க வந்தீங்களா? என்ன மனுசன் தம்பி நீங்க?"

நான் எந்திரிக்கப் பாத்தேன். நீ என்ற மொழங்கால உடல. அத்தன சின்னக் கையி. அது ஒண்ணும் என்னய அடையாளம் தெரிஞ்சு புடிக்கல, உழுந்துராம இருக்கப் புடிச்சுது. எனக்கு அந்த எடத்துல, காலுல, வலிச்சுச்சு. மூணு மாசத்துல மொதத் தடவையா ஒண்ணு வலிச்சுச்சு. "கூட்டிட்டுப் போறேனுங்க அக்கா"ன்னேன். நான் சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது.

பெரியம்மா உள்ள போனாங்க. சரி, போச்சுன்னு நெனச்சேன். அவிங்க பக்கந்தான் நாயம். குடுத்தத நாங் கேக்கறதுக்கு என்ன மொகம் இருக்குது? ஒரு சொம்புத் தண்ணியோட வெளிய வந்தாங்க. மொகம் கழுவியிருந்தாங்க.

"அளவெடுக்க வந்தவரு ஆளையே எடுத்துட்டுப் போறீங்களா? சரி, கேக்கறதுக்குப் பதிலு சொல்லுங்க. புள்ள என்ன சாப்புடுவா?"

"தெரியலீங்க."

"எப்பத் தூங்குவா? தூங்க வெக்க என்ன பண்ணோணும்?"

"தெரியலீங்க."

"தண்ணி வாத்தா காதுல போகாம எப்பிடிப் புடிக்கோணும்? எதையாச்சும் முழுங்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"தெரியலீங்க அக்கா."

"ஒரு மண்ணுந் தெரியல. பொம்ம செய்யறதுக்கு ஒண்ணர வருசம் படிக்கறீங்க. புள்ள வளக்கறதுக்கு ஒரு வாரம் இருந்து படிங்க. நான் சொல்றாப்புடி வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போங்க. வரலீன்னா, டேப்ப எடுத்துட்டு நீங்க மட்டும் போங்க."

பெரியப்பா பொழுதோட வந்து கேட்டுட்டு, "சகல, இந்த வாத்தியாரம்மா கிட்ட நானே இருவது வருசமாப் பாசாகல"ன்னாரு. மூணு மாசங் கழிச்சு நான் அன்னிக்குத்தான் சிரிச்சேன்.

ஏழு நாளு இருந்தேன். மொத நாளு உன்னக் குளிக்க வாத்தப்ப உன்ற கண்ணுல சோப்பு. ரெண்டாம் நாளு ராகிக்கூழுல கட்டி. அதட்டுனாங்க, செஞ்சு காட்டுனாங்க, மறுபடியும் செய்யச் சொன்னாங்க. நாலாம் நாளு நீ என்ற தோளுல தூங்குன. புள்ள எதையாச்சும் முழுங்கிட்டா காலை நீட்டிக் குப்புறப் போட்டு முதுவத் தட்டறது, வாயில விரல வளைச்சு விட்டுத் தோண்டறது, எல்லாம் தலகாணிய வெச்சுப் பழக்கி உட்டாங்க. நடுவுல நேரங் கெடச்சப்ப பெரியப்பா சூரிக்கத்திய வாங்கி உன்ற பொம்மையச் செதுக்குனேன். முப்பத்தெட்டு மில்லி, கையி ரெண்டும் மேல தூக்கி. எட்டாம் நாளு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்டப்ப பெரியம்மா அழுவல. "மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வரோணும். ஒரு வாரம் தப்புனா நான் வந்து தூக்கிட்டுப் போயிருவேன்"னாங்க. பஸ்சு நகந்தப்ப அவிங்க கையி ரெண்டும் இடுப்புக்கு மேல, புள்ளையத் தூக்கறாப்புடியே வளைஞ்சு இருந்துச்சு. அத நான் பாத்தேன். நீயும் தெரிஞ்சுக்க. என்ற மனசு லேசானதுக்கு அவிங்க குடுத்த வெல அது. கண்ணாலத்துல பெத்தவிங்கன்னு யாரையாச்சும் முன்னால நிறுத்தோணும்னா, மொதல்ல அவிங்க ரெண்டு பேரையும் நிறுத்து. எனக்கு ஓரமா ஒரு எடம் போதும்.

இன்னிக்குக் காலையில உன்ன இடுப்புல வெச்சுட்டு பாலிடெக்னிக்குப் போனேன். பரீட்சக்காரரு வந்தாரு. நான் களத்து ஓரத்துல நிக்கறேன், உங்கம்மா வழியில வரா, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ கையத் தூக்கிட்டு வர. எங்க ரெண்டு பேரையும் பச வெச்சு ஒட்டியிருந்தேன். உன்னய ஒட்டல, பெயிண்டும் அடிக்கல, நேரம் பத்தல. அவரு கண்ணாடியப் போட்டுக் குனிஞ்சு பாத்தாரு. "இப்பத் தெரியுதுய்யா எத்தன பெருசுன்னு"ன்னு சொல்றதுக்குள்ள நீ இடுப்புல இருந்து எக்கி உன்னய எடுத்து வாயில போட்டுட்ட.

எனக்கு அத்தன பேரும் மறைஞ்சு போனாங்க. உக்காந்தேன், உன்னக் குப்புறப் போட்டேன், முதுவத் தட்டுனேன், விரல வளைச்சு உட்டேன், வந்துருச்சு. நீ அழுதுட்டு, மறுபடியும் அது வேணும்னு கைய நீட்டுன. சாருதான் மொதல்ல சிரிச்சாரு. "ஆளே ஆளத் திங்குதுங்களே அண்ணா!" பரீட்சக்காரரு மார்க் சீட்ட எழுதிட்டே, "இந்த மாடலுக்கு அளவு பத்தி இனி நான் ஒண்ணுங் கேக்கல"ன்னாரு. பாசாயிட்டேன் சாமி. ரெண்டு பரீட்சையிலயும்.

மாடல மில்லுக்காரரு நாளைக்கு வண்டி வெச்சு எடுத்துட்டுப் போறாரு. உங்கம்மா அதுலயே போகட்டும்னு உட்டுட்டேன். அவ வழி அது. நானும் அவ கூடத்தான் நிக்கறேன், களத்தோரமா. உன்னய மட்டும் எடுத்துட்டு வந்துட்டேன். வேல இனி ஊட்டுலயே வெச்சுத்தான். சாரு ரெண்டு மாடலுக்குச் சொல்லியிருக்காரு. மத்தியானம் வந்ததும் மொத வேலையா உளி, பச, பெயிண்டு டப்பா எல்லாத்தையும் மேல் பலகைக்கு ஏத்துனேன். கையத் தூக்குனா நீ எம்பத்தெட்டு சென்டிமீட்டர் எட்டற. பலகை நூத்திப் பத்துல இருக்குது. நீ வளர வளர அத ஏத்தோணும்.

இந்தக் கவருக்குள்ள ஒரு துண்டு மரம் கெடக்கும், கொட்டிப் பாரு. அதுதான் நீ. டேப்ப வெச்சு அளந்து பாரு, முப்பத்தெட்டு மில்லி சரியா இருக்கும். தலையில ஒரு பக்கம் பொளிஞ்சு இருக்கறது என்ற உளி இல்ல. உன்ற பல்லு. அத மட்டும் நான் அளவுல சேத்தல.